மலட்டு மாத்திரை: வெளியே மறுத்தோம், வீட்டுக்குள் நம்புகிறோம்

குடும்ப நல உத்தியோகத்தராக நான் பணியாற்றிய காலத்தில், பதினேழு வயதில் மணமுடித்த ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். "இப்போதைக்குக் குழந்தையைத் தள்ளிப்போட வழியிருக்கு மகள்" என்றேன். அவள் வாய் திறக்காமல் மாமியைப் பார்த்தாள். "முதல் பிள்ளைக்கு முந்தி மாத்திரை குடிச்சா மலடாகிடும்" என்றார் மாமி. பேச்சு அதோடு முடிந்தது. பத்தொன்பது வயதில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

கட்டிளமைப் பருவத்தினரின் கருத்தடை என்றாலே நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆனால் மணமுடித்த பிள்ளைகளுக்கும் இது தேவைப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்சத் திருமண வயதைக் குறிப்பிடவில்லை. ஆனால் உடலுக்கு வயது உண்டு. 20 முதல் 24 வயதுத் தாய்மாரைவிட, 10 முதல் 19 வயதுத் தாய்மாருக்குப் பிரசவகால வலிப்பும் கிருமித்தொற்றும் ஏற்படும் ஆபத்து அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அரச கிளினிக்கில் மாத்திரை, ஊசி, லூப் எல்லாம் இலவசம். பிள்ளைகளைத் தடுப்பது பயம்.

2018இல் அம்பாறையில் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி கிளப்பி, எமது கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாப்பொருள் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு காட்டியது. அந்தப் பொய்யை உரத்து மறுத்த நாம், வீட்டுக்குள் அதையே நம்புகிறோம். கருத்தடை மாத்திரை யாரையும் மலடாக்காது. நிறுத்தியதும் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும். ஊசிக்கு மட்டும் சில மாதங்கள் கூடுதலாகச் செல்லலாம்.

அடுத்தது மார்க்கம் பற்றிய தயக்கம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்ததை ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பதற்காக அஸ்ல் செய்வதை இமாம் கஸ்ஸாலி அனுமதித்துள்ளார். தற்காலிகக் கருத்தடைக்கு இதையே ஆதாரமாகக் காட்டும் உலமாக்கள் பலர். ஜும்ஆ மேடையில் இதைச் சொன்னால் பல வீடுகளில் தயக்கம் நீங்கும்.

பிள்ளையைப் படிக்க விட்டு, திருமணத்தைப் பிற்படுத்துவதே முதல் வழி. நிக்காஹ் நடந்துவிட்டால், மாப்பிள்ளையே மனைவியை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்துச் செல்லட்டும். கருவைச் சுமக்கப்போகிறவள் அவள். மாமியின் முகத்தைப் பார்க்காமல் அவள் பதில் சொல்ல வேண்டும்.