கனமான, எளிதில் உடையும் மின்னணுக் கருவிகளைப் பொதிகட்டுதல்

கனமான, எளிதில் உடையும் மின்னணுக் கருவிகளைப் பொதிகட்டுதல் என்பது படக்குழாய்த் தொலைக்காட்சி, ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர், அச்சுப்பொறி போன்றவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும்போது மோதல், அதிர்வு, அழுத்தம், ஈரம் ஆகியவற்றால் பழுதாகாமல் காக்கும் முறையாகும். கண்ணாடிப் பாத்திரம் உடைந்தால் வெளியே தெரிந்துவிடும். மின்னணுக் கருவி அப்படியல்ல. உள்ளே ஒரு பற்றவைப்பில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலே கருவி இயங்காது. ஆனால் அட்டைப்பெட்டி புதிது போலவே இருக்கும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்தகைய கருவிகள் சிற்றூர்கள் வரை மிகப் பெரிய எண்ணிக்கையில் சென்றதற்கு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் சிறந்த எடுத்துக்காட்டாகும். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் 14 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சிகள் வழங்கப்பட்டன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாநிலமெங்கும் சென்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ எடை கொண்டது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிகள் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

இரண்டாவது எடுத்துக்காட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். ரிஷிவந்தியம் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயருமாகும். சட்டமன்றத் தேர்தலில் கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, வாக்காளர் சரிபார்க்கும் காகிதத் தணிக்கைக் கருவியான விவிபாட் ஆகியவை தனித்தனிச் சுமப்புப் பெட்டிகளில் வாக்குச்சாவடிகளுக்குச் செல்கின்றன. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுச் சாலையிலும் அவை இவ்வாறே பயணம் செய்கின்றன. விவிபாட் கருவியின் பின்புறம் ஒரு திருகு உண்டு. பயணத்தின்போது அது கிடைமட்டமாக இருக்க வேண்டும். அப்போது உள்ளிருக்கும் காகிதச் சுருள் பூட்டப்பட்டிருக்கும். வாக்குச்சாவடியில் அதைச் செங்குத்தாகத் திருப்பிய பிறகே கருவியை இயக்க வேண்டும். அசையும் உறுப்பைப் பயணத்திற்கு முன் பூட்டுவது என்னும் பொதுவிதியை இத்திருகு எளிதாக விளக்குகிறது.

பழுது நேரும் விதம்

கீழே விழும் பொருள் எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அது தாங்கவேண்டிய விசை அமைகிறது. 60 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பெட்டி நழுவினால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 12 கி.மீ. அளவில் இருக்கும். சிமெண்டுத் தரையில் மோதி 2 மி.மீ. தொலைவுக்குள் நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு விசை அதன் மேல் செயல்படும். அடியில் மெத்தை இருந்து, அது 2 செ.மீ. அமுங்கி நிறுத்தினால் அவ்விசை 30 மடங்காகக் குறையும். தெர்மாகோலும் நுரைப்பஞ்சும் செய்யும் வேலை இதுதான்: நிற்கும் தொலைவை நீட்டித் தருகின்றன.

மெத்தை மென்மையாக இருந்தால் மட்டும் போதாது. கனமான கருவியை மிக மென்மையான பஞ்சின் மேல் வைத்தால், பஞ்சு முதலிலேயே முழுவதும் அமுங்கிவிடும். மோதும் நேரத்தில் அமுங்க இடமிராது. இலேசான கருவிக்கு மிகக் கடினமான தெர்மாகோல் வைத்தால் அது அமுங்கவே அமுங்காது. எனவே எடைக்கேற்ற கடினமும் பரப்பும் தேவை.

மோதலுக்கு அடுத்தது அதிர்வு. லாரியின் இடைவிடாத அதிர்வில் திருகுகள் தளரும். மின்மாற்றி, வெப்பக்கடத்தித் தகடு, பெரிய மின்தேக்கி போன்ற கனமான உறுப்புகளின் பற்றவைப்புகளில் விரிசல் விழும். மூன்றாவது, மேலே அடுக்கப்படும் பிற பொதிகளின் பாரம். நான்காவது, மழையும் ஈரமும். நனைந்த அட்டைப்பெட்டி தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

ரிஷிவந்தியத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் ஒரு பொதி, வழியில் கள்ளக்குறிச்சியிலோ திருக்கோவிலூரிலோ வேறு வண்டிக்கு மாற வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் இறக்கலும் ஓர் ஏற்றலும் உண்டு. பொதி விழுவதற்கான வாய்ப்பு ஓடும் சாலையைவிட இந்த இடங்களிலேயே அதிகம்.

பொதிகட்டும் முன்

1. கருவியை இயக்கிப் பார்த்து, எல்லாப் பக்கங்களையும் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.
2. மின்னிணைப்பை நீக்கிச் சில மணிநேரம் விட வேண்டும். படக்குழாய், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் உள்ளே மின்தேக்கம் நீடிக்கும் என்பதால் பயிற்சி இல்லாதவர் மூடியைத் திறக்கக்கூடாது.
3. மின்கம்பி, மின்கலம், கழற்றக்கூடிய தாங்கு கால்கள், மைக்குப்பிகள் ஆகியவற்றைப் பிரித்துத் தனித்தனியே சுற்ற வேண்டும். கம்பியைக் கருவியோடு தளர்வாக விட்டால் செருகியின் முனை திரையைக் கீறிவிடும்.
4. கருவியில் பயணப் பூட்டு இருந்தால் அதைப் போட வேண்டும்.

பொதிகட்டும் முறை

கருவியோடு வந்த பழைய பெட்டியும் தெர்மாகோல் அச்சும் இருந்தால் அவற்றைவிடச் சிறந்தது வேறில்லை. அவை அக்கருவியின் எடைக்கும் வடிவத்திற்கும் அளந்து செய்யப்பட்டவை. இல்லாதபோது இரட்டைப் பெட்டி முறை ஏற்றது.

முதலில் கருவியை நெகிழி உறையில் இட வேண்டும். உறையின்றித் தெர்மாகோலை வைத்தால் அதன் துகள்கள் காற்றுத் துளைகள் வழியே உள்ளே புகும். திறந்த மின்சுற்றுப் பலகையாக இருந்தால் வெள்ளி நிறத்திலான நிலைமின் தடுப்பு உறை தேவை. பிறகு பபிள் ரேப்பால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பொருந்தும் அளவுள்ள உள்பெட்டியில் அசையாதபடி வைக்க வேண்டும். உள்பெட்டியை அதைவிடப் பெரிய, தடித்த அட்டையாலான வெளிப்பெட்டியில் வைத்து, ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விட்டுக் கடினமான நுரைத் துண்டுகளால் நிரப்ப வேண்டும். மூலைகளுக்குத் தனிக் கவனம் தேவை. விழும் பெட்டி பல நேரம் மூலையில்தான் முதலில் மோதும்.

கட்டி முடித்த பெட்டியை மெதுவாகக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரும் ஓசை கேட்கக்கூடாது. கேட்டால் மீண்டும் திறந்து நிரப்புவதே நல்லது.

வைக்கோல், உமி, பழைய செய்தித்தாள் ஆகியவை எளிதில் கிடைப்பவை என்றாலும் கனமான கருவிக்குப் பொருந்தா. வைக்கோலும் உமியும் ஈரத்தையும் தூசியையும் பூச்சியையும் கொண்டுவரும். கசக்கிய செய்தித்தாள் ஒருமுறை அமுங்கினால் மீண்டும் எழாது.

கருவிக்கேற்ற வேறுபாடுகள்

படக்குழாய்த் தொலைக்காட்சியின் எடையில் பெரும்பகுதி முன்புறக் கண்ணாடியில் உள்ளது. பின்புறக் கழுத்து மிக மெல்லியது. கழுத்து உடைந்தால் குழாயின் வெற்றிடம் போய்விடும், மீட்க இயலாது. எனவே பழைய பெட்டி இல்லாதபோது, தடித்த சமமான மெத்தையின் மேல் திரை கீழ்நோக்கி இருக்கும்படி வைப்பது வழக்கம். எல்.இ.டி. தொலைக்காட்சிக்கு இதற்கு நேர்மாறான முறை: அதைப் படுக்கவைக்கவே கூடாது, நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும்.

இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றில் மின்மாற்றி ஒரு பக்கமாக இருப்பதால் எடை சமமாக இராது. கனமான பக்கத்தைப் பெட்டியின் மேல் எழுதுவது தூக்குபவருக்கும் கருவிக்கும் நல்லது. இன்வெர்ட்டரின் ஈய அமில மின்கலத்தை நிமிர்த்தி, முனைகளை மூடி, வேறு பொதியாகவே அனுப்ப வேண்டும். லித்தியம் மின்கலங்களுக்கு வான்வழிப் போக்குவரத்தில் தனி விதிகள் உண்டு. கருவியின்றித் தனியே செல்லும் லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பயணிகள் விமானத்தில் சரக்காக அவற்றை அனுப்பவும் முடியாது.

அனுப்புதலும் பொறுப்பும்

இந்திய அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலில் ஒரு பொதியின் எடை 35 கிலோவைத் தாண்டக்கூடாது. 29 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி போன்றவை இவ்வெல்லையைத் தாண்டுவதால் லாரி பார்சலில்தான் செல்ல வேண்டும்.

லாரி நிறுவனங்களின் பொறுப்பை 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வரையறுக்கிறது. அனுப்புபவர் கூடுதல் கட்டணம் செலுத்திப் பொருளின் மதிப்பை அறிவிக்காவிட்டால், இழப்பீடு செலுத்திய வாடகையை ஒட்டிய ஒரு வரம்புக்குள் அடங்கிவிடும். 30,000 ரூபாய் மதிப்புள்ள கருவிக்கு 300 ரூபாய் வாடகை செலுத்தியவர், கருவி முழுதும் உடைந்தாலும் அதன் விலையைப் பெற இயலாமல் போவது இதனால்தான். பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தராவிட்டால் வழக்குத் தொடரும் உரிமையும் இல்லாமற் போகும்.

பெற்றுக்கொள்ளும்போது

பொதியைப் பெறுபவர் கையெழுத்திடும் முன் மூலைகளையும் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். நசுங்கல் இருந்தால் ரசீதிலேயே எழுதிப் படம் எடுப்பது பின்னர் சான்றாகும். பிரித்த பெட்டியையும் நிரப்புப் பொருள்களையும் கருவி சரியாக இயங்குவது உறுதியாகும் வரை எறியக்கூடாது.

குளிர்ந்த மலைப்பகுதியிலிருந்து சமவெளிக்கு வந்த கருவியில் ஈரம் படிந்திருக்கலாம். பெட்டியைத் திறந்து சில மணிநேரம் அறையில் வைத்த பிறகே மின்னிணைப்புத் தர வேண்டும். பயணப் பூட்டு இருந்தால் இயக்கும் முன் அதை விடுவிக்க வேண்டும்.