கடலோரப் பட்டறைக்கு எந்தத் தரை?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியுள்ள தெருக்களில், காருக்கென்று தனியாகக் கராஜ் கட்டிய வீடுகள் அபூர்வம். வீட்டோடு ஒட்டிய பட்டறைகளுக்கோ குறைவே இல்லை. வாசலில் ஷீட் போட்டு இறக்கிய கொட்டகை, ஷட்டர் வைத்த முன்னறை, மாடிவீட்டின் அடியில் வண்டி நிறுத்தும் இடம் என்று ஏதோ ஒரு மூலையில் வைஸும் டிரில்லிங் மெஷினும் வெல்டிங் செட்டும் இருக்கும். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தது. காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை என்றும் ஓய்ந்ததில்லை. இப்படிப்பட்ட வட்டாரத்தில் கைவேலை வீட்டுக்குள்ளும் வருவது இயல்புதான். பட்டறைக்குத் தரை போட நினைப்பவர் முதலில் போய் நிற்பது டைல்ஸ் கடையில் அல்லது பெயின்ட் கடையில். எது பளபளக்கும், எது சுலபமாகத் துடைக்க வரும், சதுர அடி என்ன விலை என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள். இந்தக் கரையில் தரையைக் கெடுப்பதில் மேலிருந்து விழும் சுத்தியலைவிட அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கே பங்கு அதிகம் என்பதால், அந்தக் கேள்விகளைப் பிறகு கேட்பது நல்லது. அடியில் ஈரத்தடுப்பு வைத்து, நன்றாக இறுக்கிய சிமென்ட் தரையைத் திறந்தபடி விடுவதும், நிற்கும் இடத்தில் மட்டும் எடுத்து உதறக்கூடிய விரிப்பைப் போடுவதும்தான் இங்கே பொருந்தும். முழுத் தரையையும் மூடி ஒட்டும் எதுவும் இரண்டாவது யோசனையாகவே இருக்க வேண்டும்.

காரணம் மண்ணில் இருக்கிறது. இது கடல் மணல் பூமி. சில அடி தோண்டினாலே ஈரம் தட்டும் இடங்கள் பல. நிலத்தடி நீரும் நல்ல நீராக இல்லை. வடக்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது 1960களின் இறுதியிலிருந்தே பதிவான விஷயம். சென்னையின் முதல் பெரிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-இல் இயங்கத் தொடங்கியதும் அதே மீஞ்சூர் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில்தான். பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும் கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல அவற்றின் வழியே உப்புநீர் மேலே ஏறுகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். தங்கிய உப்பு படிகமாக வளரும்போது துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் உப்பு பூப்பதும், சுண்ணாம்பு பொரிந்து உதிர்வதும், மழைக்காலத்தில் அறைக்குள் ஓதம் அடிப்பதும் இதன் விளைவுகளே. பட்டறையில் இன்னொரு நஷ்டமும் உண்டு. தரையிலிருந்து எழும் ஈரம் அறைக் காற்றில் கலந்து, டிரில் பிட், ஸ்பானர், லேத்தின் படுகை என எல்லா இரும்பையும் துருப்பிடிக்க வைக்கிறது. உப்புக் காற்று வெளியிலிருந்து செய்வதைத் தரை உள்ளிருந்தே செய்துவிடும்.

இப்படிப்பட்ட தரையின் மேல் காற்றுப் புகாத பூச்சைப் பூசினால் என்ன ஆகும்? எபாக்சி நல்ல பொருள்தான். கெட்டியானது, எண்ணெயைக் குடிக்காது, பேட்டரி ஆசிட் சிந்தினாலும் ஓரளவு தாங்கும். ஆனால் அடியிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியின்றி பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சேர்ந்து அழுத்தும். முதலில் அங்கங்கே கொப்புளம் தோன்றும், பிறகு வண்டிச் சக்கரம் ஏறும் இடத்தில் கொப்புளம் உடைந்து தகடு தகடாகப் பெயரும். பசை தடவி ஒட்டும் வினைல் ஷீட்டுக்கும் இதே கதி. அதில் பசைதான் முதலில் கைவிடும். ஷட்டரைத் திறந்ததும் வெயில் விழும் இடத்தில் எபாக்சி மஞ்சளாகும், வெல்டிங் பொறி விழுந்த இடத்தில் வினைல் உருகிக் குழியாகும் என்பவை கூடுதல் குறைகள். தரையில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க உலகெங்கும் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை வெறும் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பிரித்துப் பார்க்கையில் ஷீட்டின் அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அங்கே பூச்சு நிற்காது. சோதனையை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மே மாதத்தில் காய்ந்துபோன தரை பரீட்சையில் தேறிவிடும், அதே தரை வடகிழக்குப் பருவமழை பெய்து நீர்மட்டம் ஏறிய நவம்பரில் தோற்றுப்போகும். பூச்சு வேலையைக் கோடையில் முடித்துவிட்டு, பெயரத் தொடங்கியதும் பொருளைக் குறை சொல்வதற்கு இந்தக் காலக்குழப்பமும் ஒரு காரணம்.

டைல்ஸ் போட்டால் பிரச்சினை தீருமே என்று பலர் நினைப்பது இயல்பு. விட்ரிஃபைடு டைல்ஸ் கிட்டத்தட்ட நீரே குடிக்காத பொருள். ஆனால் டைல்ஸுக்கு இடையே உள்ள சந்துகள் ஈரத்தையும் எண்ணெயையும் குடிக்கும். ஓடு கெட்டியாக இருக்கும் அளவுக்கு நொறுங்கும் குணமும் கொண்டது. கலவையை முழுக்கப் பரப்பாமல் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து ஓட்டை அழுத்திவிடும் அவசர வேலையில், ஓட்டுக்கு அடியில் வெற்றிடம் தங்கிவிடுகிறது. விரலால் தட்டினால் ‘பொக்’கென்று சத்தம் வரும் அந்த இடத்தில் ஜாக்கி ஒன்றை நிறுத்தி வண்டியைத் தூக்கினால், மொத்தப் பாரமும் உள்ளங்கை அகலத்தில் இறங்கி ஓடு விரிசல் விடும். இன்ஜின் ஆயில் இரண்டு சொட்டு விழுந்தால் பளபளப்பான ஓட்டில் கால் நிற்காது. சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸை முழுக் கலவைப் படுகையில் பதித்தால் இந்தக் குறைகள் பெருமளவு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். கடப்பைக் கல் இன்னும் சகிப்புத்தன்மை உள்ளது. விலையும் குறைவு, ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் அதுவும் கோட்டா கல்லும் சுண்ணாம்புக்கல் வகை என்பதால், பேட்டரி ஆசிடோ துரு நீக்கும் திரவமோ பட்டால் அரித்து வெளுத்துவிடும்.

தரை என்பது அன்றாட வேலையை மட்டும் தாங்கினால் போதாது, வெள்ளம் வந்து போன பிறகும் மிஞ்ச வேண்டும் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மூழ்கியபோது, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர், எண்ணூர் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு நீர் வடிந்த பிறகு, ஒட்டப்பட்ட விரிப்பின் அடியிலும் கொக்கி மாட்டிச் சேர்க்கும் பி.வி.சி. ஓடுகளின் சந்துகளிலும் சேறும் எண்ணெயும் தங்கிவிடும். வெறும் சிமென்ட் தரையோ சோப்பும் துடைப்பமும் வைத்துத் தேய்த்துக் கழுவ வரும், அதுவும் வாசல் பக்கம் வாட்டம் இருந்தால். ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் மரக்கட்டைத் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்திப் பட்டறைத் தரை போட்டன. விழும் கருவி உடையாது, நிற்பவருக்குக் கால் வலிக்காது என்று பெயர் பெற்ற அந்தத் தரைக்கு நீர்தான் எமன். நனைந்தால் கட்டைகள் ஊதித் தரையே மேடாக எழும்பிவிடும். தரைக்கு வரும் ஆபத்து ஊருக்கு ஊர் வேறு என்பதற்கு அது நல்ல சாட்சி.

சரி, நல்ல சிமென்ட் தரை எப்படி அமைகிறது? பழைய தரையைப் பெயர்த்தோ, சாலை உயர்ந்து வீடு தாழ்ந்துபோனதால் தரையை ஏற்றும் சாக்கிலோ இதைச் செய்யலாம். அடியில் ரப்பீஸ் கொட்டி நிரப்புவது வழக்கமாகிவிட்டது. பழைய சுவரின் உப்பும் அதோடு சேர்ந்தே வருவதால் அதைத் தவிர்ப்பது நல்லது. திமிசு போட்டு இறுக்கிய மண்ணின் மேல் நான்கு அங்குலம் ஜல்லி பரப்பினால், ஜல்லிகளுக்கு இடையேயுள்ள பெரிய இடைவெளிகளில் நீரால் மேலே ஏற முடியாது. ஜல்லியின் மேல் மெல்லிய மணல், அதன் மேல் 1000 கேஜ், அதாவது 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டைச் சுவர் ஓரம் சற்று மடித்து ஏற்றி விரிக்க வேண்டும். ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் ஓர் அடி மேலேறி இருக்கட்டும். அதற்கு மேல் நான்கு அங்குலம் எம்20 கான்கிரீட், வாசல் பக்கம் பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். எட்டுப் பத்தடிக்கு ஒரு வெட்டுக்கோடு விட்டால் விரிசல் கோட்டோடு நின்றுவிடும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் இங்கே நல்ல தேர்வு. எண்ணூர் ஓடையைத் தூர்த்துவிட்டதாக மீனவர்கள் குறைகூறும் அனல்மின் நிலையச் சாம்பலின் வகையறாதான் அது. ஆனால் சிமென்ட்டுக்குள் கலந்தால் துளைகளைச் சுருக்கி உப்பைத் தடுக்கிறது. கலவைக்கு உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிறகு பாத்தி கட்டிக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். இந்தப் பத்து நாளைப் பாதியில் விடுவதுதான் நல்ல தரையையும் மோசமாக்கும் முதல் தவறு.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவும் அற்பமானவை அல்ல. சிமென்ட் தரை நாளாக நாளாகப் புழுதி விடும், பேரிங்கிலும் கார்புரேட்டரிலும் தூசி ஏறும் என்பது உண்மை. ஆனால் புழுதிக்குக் காரணம் பெரும்பாலும் கடைசிப் பூச்சு வேலைதான். மேலே நீர் மிதக்கும்போதே வறண்ட சிமென்ட்டைத் தூவி மணியாசுக் கட்டையால் தேய்த்து மினுக்கினால், மேல்தோல் பலவீனமாகி உதிரும். நீர் அடங்கும் வரை பொறுத்து, இரும்புக் கரணையால் இறுக்கித் தேய்க்க வேண்டும். தரை நன்றாக இறுகிய பிறகு சிலிகேட் வகை ஹார்டனர் திரவம் அடித்தால், அது கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பைக் கெட்டியாக்கும். பூச்சைப் போல மேலே படலமாக நிற்காததால் பெயர்வதற்கும் எதுவும் இல்லை. எண்ணெய்க் கறை படியும் என்பது இரண்டாவது ஆட்சேபம். படியத்தான் செய்யும். வண்டிக்கு அடியில் ஒரு தட்டும், சிந்தியதும் போட ஒரு டப்பா மரத்தூளும் இருந்தால் பாதிக் கறை குறையும், மீதி கறையால் தரையின் வலிமைக்குக் கேடில்லை. ஆசிட் விஷயத்தில் மட்டும் சிமென்ட்டும் சுண்ணாம்புக்கல் போலவே தோற்கும், ஆகவே பேட்டரி பிளாஸ்டிக் தட்டில்தான் இருக்க வேண்டும். மூன்றாவதாக, பெரிய ஆலைகளில் எல்லாம் எபாக்சிதானே என்பார்கள். ஆலைத் தரை முதலிலேயே ஈரத்தடுப்போடு திட்டமிட்டுப் போடப்படுவது. அதே தடுப்பு உங்கள் தரைக்கு அடியிலும் இருந்து, மழைக்காலச் சோதனையிலும் தேறினால், தாராளமாக எபாக்சி பூசலாம். நம் மறுப்பு எபாக்சிக்கு அல்ல, தெரியாத தரையின் மேல் அதைப் பூசுவதற்கு.

வாடகை வீட்டில் இருப்பவரும், கையில் பணம் இல்லாதவரும் தரையைப் பெயர்க்க முடியாது. அவர்களுக்கும் இதே வாதம்தான் வழிகாட்டும். பழைய சிமென்ட் தரையில் குழிகளைச் சிமென்ட் கலவையால் அடைத்து, ஹார்டனர் அடித்துத் திறந்தே விடலாம். அதிக நேரம் நிற்கும் வைஸின் முன்னால் ஒரு ரப்பர் மேட் போதும். சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதும், நைட்ரைல் கலந்த ரப்பர் தாங்கும். லேத்தின் முன்னால் இடைவெளி விட்டு அடித்த மரப்பலகை வசதி. உலோகச் சுருள் இடைவெளியில் விழும், கால் வழுக்காது. வெல்டிங் மூலையில் எந்த விரிப்பும் வேண்டாம். எந்த மேட்டானாலும் வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்தி அடியைக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் மேட்டின் அளவுக்கு எபாக்சியின் கதை அங்கேயும் நடக்கும். கறுப்பு மேட் எல்லாம் கரன்ட்டைத் தடுக்கும் என்று நம்பவும் கூடாது. அதற்கென ஐ.எஸ். 15652 தரக்குறியீட்டில் தனியாக மேட் உண்டு.

செலவைக் கணக்கிடும்போது சதுர அடி விலையை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தரையைப் பெயர்த்துப் போடும்போது பாலித்தீனுக்கும் ஜல்லிக்கும் ஆகும் கூடுதல் பணம் மொத்தச் செலவில் சிறு பகுதி. அதை விட்டுவிட்டால் பின்னால் எந்த விலைகொடுத்தும் தரைக்கு அடியில் அதை வைக்க முடியாது. மேலே போடும் மேட்டையும் பூச்சையும் வேலை மாறும்போது, பணம் வரும்போது, ரசனை மாறும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் அடிப்படுகைக்கும், பிறகு கான்கிரீட்டுக்கும், மிஞ்சினால் விரிப்புக்கும் என்று பிரிப்பதுதான் இந்தக் கரையில் கணக்குக்கு ஒத்துவரும். இப்போதைக்கு எதையும் செய்ய முடியாதவர் அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டையும் டேப்பையும் எடுத்துத் தரையைச் சோதித்து வைத்துக்கொள்ளட்டும். கடைக்காரர் எந்த டிசைன் வேண்டும் என்று கேட்கும்போது, எந்த வகை வேண்டாம் என்பதாவது சோதித்தவருக்குத் தெரிந்திருக்கும்.