அடுப்பங்கரையில் ஒரு பிடிப் பசுமை

நம் சமையலில் ஒரு பிடி இலைக்கு உள்ள அதிகாரம் மிகப் பெரிது. ரசம் எவ்வளவு பக்குவமாய் இறங்கினாலும், கொத்தமல்லி விழும்வரை அதற்கு மணம் கூடுவதில்லை. தாளிதத்தில் கறிவேப்பிலை பொரியும் ஓசை கேட்ட பிறகுதான் வீட்டில் உள்ளோர்க்குப் பசியே எழுகிறது. இவ்வளவு அதிகாரம் வாய்ந்த இலையை நாம் எவ்வாறு பெறுகிறோம்? காய்கறிக் கடைக்காரர் பையின்மேல் கொசுறாகப் போடுவதை வாங்கிக்கொண்டு வருகிறோம். கொசுறாய் வரும் பொருளைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அயல்நாடுகளிலிருந்து வரும் உணவுப் பொருள்களுள் எவற்றை எல்லையில் கூடுதலாய்ச் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-ஆம் ஆண்டில் ஒரு ஜாபிதா வெளியிட்டது. அதில் இந்தியாவிலிருந்து செல்லும் கறிவேப்பிலையும் இடம்பெற்றிருந்தது. இலையில் தங்கிவிடும் பூச்சிமருந்தே அதற்குக் காரணம். அயலார் ஐயுற்றுச் சோதிக்கும் இலையை நாம் யாதோர் ஐயமுமின்றி நம் குழந்தைகளுக்குப் பரிமாறுகிறோம். கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் வழக்கமுள்ளவர்கள் இதைக் கேட்டு மகிழ வேண்டியதில்லை. இலை ஒதுங்கினாலும் அதன் சாரம் குழம்பில் இறங்கியிருக்கும் அல்லவா?

கொல்லை போயிற்று, ஜன்னல் இருக்கிறது

முன்னாளில் வீட்டுக்குப் பின்னே கொல்லை இருந்தது. அடுப்பங்கரையிலிருந்து ஓடிய நீர் வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தது. அடுப்புச் சாம்பல் அவரைக் கொடியின் அசுவினியை விரட்டியது. வாழையோ இலையாகவும் பூவாகவும் தண்டாகவும் மறுபடி அடுப்பங்கரைக்கே திரும்பி வந்தது. இந்தப் போக்குவரத்தில் வீணென்று ஒன்றும் இல்லை. அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது அச்சங்கிலி அறுந்துவிட்டது. கழுநீர் சாக்கடைக்கும், தோல் குப்பைக்கும், நாம் கடைக்குமாகப் பிரிந்து போகிறோம்.

1965-ஆம் ஆண்டில் யுத்தமும் உணவுத் தட்டுப்பாடும் ஒருங்கே நேர்ந்த காலத்தில், பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு தேசத்தைக் கேட்டார். வீட்டுத் தோட்டத்தில் பயிர் செய்யுமாறும் வேண்டினார். தம் இல்லத்துப் புல்தரையையே உழுது வழிகாட்டினார். அக்காலத்தில் நிலம் உள்ளவர்களால் அவ்வாறு செய்ய முடிந்தது. நிலமற்ற நகரவாசிக்கு இன்று அடுப்பங்கரை ஜன்னல் ஒன்றாவது உண்டு. அது போதும்.

எவை வளரும்?

ஜன்னல் கிழக்கு நோக்கியிருப்பின் உத்தமம். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் கீரை வகைகள் திருப்தியடைந்துவிடும். மிளகாயும் தக்காளியும் ஆறு மணி நேரமாவது வெயில் கேட்கும். அவற்றை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவதே மரியாதை. எச்செடியையும் அடுப்பின் அனல் படும் இடத்தில் வைக்கலாகாது.

முதலில் தொடங்க வேண்டியது வெந்தயம். அஞ்சறைப் பெட்டியில் உள்ள வெந்தயமே விதை. ஒரு கரண்டி எடுத்து இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் முடிந்து வைத்தால் முளை காணும். மூன்று அங்குல மண் நிரப்பிய தட்டில் அதைப் பரப்பி நீர் தெளித்து வந்தால், பத்து நாளில் இளங்கீரை கத்தரிக்கலாம். நெருக்கமின்றி விதைத்துக் காத்திருந்தால் மூன்று நான்கு வாரத்தில் நல்ல கீரையாகும்.

கொத்தமல்லி சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். நாம் விதையென்று கருதும் தனியாவுக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. உள்ளங்கையால் தேய்த்து இரண்டாய் உடைத்து, ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாள் வரை ஆகலாம். மார்கழி, தை மாதங்களில் செழித்து வளரும். சித்திரை வெயிலில் இலை விடுவதற்குள் பூத்துவிடும்.

புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள உறுதியான தண்டைத் தேர்ந்து, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தம்ளர் நீரில் நிறுத்துங்கள். தினமும் நீரை மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர்விடும். பிறகு அகலமான தொட்டியில் நடலாம். இது அண்டை வீட்டையும் ஆக்கிரமிக்கும் இயல்புடையது. ஆகவே தனித் தொட்டி கொடுப்பது நலம்.

கறிவேப்பிலைக்கு வெயில் அதிகம் தேவை. அடுப்பங்கரையை ஒட்டிய பால்கனியே அதன் இடம். ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை பிரியும். முதல் ஆண்டில் இலைக்கு ஆசைப்படலாகாது. பறிக்கும்போது ஒவ்வோர் இலையாய் உருவாமல் ஈர்க்கோடு ஒடிக்க வேண்டும். புளித்த மோரில் நீர் கலந்து ஊற்றுவது நம் பாட்டிமார் கண்ட வழி. பறவை எச்சம் போன்ற சிறு புழு இலையில் காணப்பட்டால் மருந்தைத் தேடி ஓட வேண்டாம். அது பட்டாம்பூச்சியின் குழந்தை. நாலைந்து இருந்தால் கையால் எடுத்துவிடலாம். ஒன்றே இருந்தால் வீட்டுக் குழந்தைகளை அழைத்துக் காட்டலாம். அது பச்சை நிறமாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு விரிப்பதை நேரில் கண்ட பிள்ளைக்கு அப்பாடத்தை நாங்கள் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

நீரும் உணவும்

வீட்டுச் செடிகளுள் வாடிச் சாவனவற்றைவிட மூழ்கிச் சாவன அதிகம். தொட்டியின் அடியில் துளை அவசியம். விரலை ஓரங்குலம் மண்ணில் செலுத்திப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் நீர் விடுக. அரிசி களைந்த நீர் நன்று; உப்பிட்டது எதுவும் ஆகாது. காய்கறித் தோலைப் பச்சையாய்த் தொட்டியில் போட்டால் ஈ மொய்க்கும். துளையிட்ட பானையில் தோல் ஓர் அடுக்கு, உலர்ந்த சருகு அல்லது மண் ஓர் அடுக்காய் இட்டு மூடிவைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனையுள்ள உரமாகிவிடும். அறுந்த சங்கிலியின் ஒரு கண்ணி இவ்வாறு மறுபடி பொருந்துகிறது.

இத்தோட்டத்தால் குடும்பம் முழுதும் வயிறு நிரம்பிவிடும் என்று சொல்வது பொய்யாகும். மாதச் செலவில் பெருந்தொகை மிச்சமாகும் என்பதும் அப்படியே. ஆயினும், அன்றாடம் உண்ணும் உணவில் ஒரு பிடியேனும் எங்கே முளைத்தது, எதைக் குடித்து வளர்ந்தது என்பதை நாமே அறிந்திருப்பது சிறிய காரியமன்று. சுதேசியம் நூற்பதில் மட்டும் இல்லை, விதைப்பதிலும் உண்டு.

ஆகவே, இன்றிரவு படுக்கப்போகுமுன் ஒரு கரண்டி வெந்தயத்தை நீரில் போட்டு வையுங்கள். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளத் தொடங்கும்.