குறைமாதச் சிசுக்களும் நமது கடமையும்

"ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது" என்றொரு வார்த்தை நம் வீடுகளில் இன்றும் வழங்கி வருகிறது. பொன்மலையிலும் ஸ்ரீரங்கத்திலும் படித்தவர் வாயிலாகவே இதை நாம் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இது வீண் பேச்சாகத் தோன்றலாம். ஆயினும், எட்டாம் மாதத்தில் பிறந்த சிசு எப்படியும் பிழையாதென்றெண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கும் குடும்பத்தில், இப்பேச்சே யமனாகி விடுகிறது.

உண்மை இதற்கு நேர்மாறானது. கர்ப்பத்தில் 37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைமாதச் சிசு என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. கர்ப்பத்தில் தங்கும் ஒவ்வொரு வாரமும் அதன் சுவாசப்பைகளையும் மூளையையும் முதிர்விக்கிறது. ஆதலின் ஏழாம் மாதத்துச் சிசுவைவிட எட்டாம் மாதத்துச் சிசுவுக்கே பிழைக்க அதிக வழியுண்டு. 2020இல் நமது தேசத்தில் சுமார் 30 லட்சம் சிசுக்கள் இவ்வாறு காலத்திற்கு முன் பிறந்தன என்று நிபுணர் கணக்கிட்டுள்ளனர். வேறெந்தத் தேசத்திலும் இத்தனை இல்லை.

இச்சிசுக்களின் முதற் சத்துரு குளிர். நீலகிரி மலை இரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்தளித்த பொன்மலைப் பட்டறைத் தொழிலாளருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எரிபொருள் இல்லாத கொதிகலன் எவ்வளவு நேரம் சூடு தாங்கும்? குறைமாதச் சிசுவின் தோல் மெல்லியது. தோலின் கீழ்க் கொழுப்பு மிகச் சொற்பம். அதனைப் பிறந்தவுடன் குளிப்பாட்டுவதும், தாய்ப்பாலுக்கு முன் சேனை வைப்பதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் அன்பினால் செய்யப்படும் அபாயங்களேயாம்.

இனிப் பரிகாரத்தைப் பார்ப்போம். 1978இல் கொலம்பியா தேசத்தின் தலைநகராகிய பொகோட்டாவில், வெப்பப் பெட்டிகள் போதாமல் தவித்த எட்கார் ரே என்னும் டாக்டர், சிசுவைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு பராமரிப்பு என்று இதற்குப் பெயர். ஏழைகளின் ஏற்பாடாகப் பிறந்த இம்முறையைப் பிரசவித்தவுடனேயே தொடங்கினால் பயன் யாது என்று, டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட 5 தேசங்களின் ஆஸ்பத்திரிகளில் சோதித்தனர். 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள சிசுக்களின் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்ததென 2021இல் முடிவு வெளியாயிற்று. மூச்சுத் திணறும் சிசுவுக்கு ஆஸ்பத்திரி இன்றியமையாதது. அங்கும் தாயின் மார்பும் தாய்ப்பாலுமே முதல் மருந்து.

ஆனால் இரவும் பகலும் தாய் ஒருத்தியே இப்பாரத்தைச் சுமக்க முடியுமா? தகப்பனும் தன் மார்பில் சிசுவை ஏந்தலாம். அவன் உடற்சூடும் அதற்கு உதவும். ஆண்மகனுக்கு இது இழுக்கென்று எண்ணுவது பேதமை.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற சிசுவுக்கு இலவசச் சிகிச்சை என்பது 2011ஆம் வருஷத்திய மத்திய சர்க்கார் திட்டத்தினால் ஏற்பட்ட ஏற்பாடு. அது தர்மமன்று, ஜனங்களின் பாத்தியதை. ஆயினும் சிசுவை ஓரறையில் வைத்துத் தாயை வெளித் தாழ்வாரத்தில் காக்கவைப்பது எங்கே நடப்பினும், அது அச்சிகிச்சையைப் பாதியாக்குவதாகும். சிசுவின் பக்கத்திலேயே தாய்க்கு ஒரு கட்டில் வேண்டும். இதனை ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பெறுமாறு நமது ஊழியர்களை வேண்டிக்கொள்கிறோம். தேசத்துக்காக உழைப்பதாகச் சொல்லும் நாம், அதன் மிக இளைய பிரஜையைக் குளிரில் விடலாகாது.