எந்த மாத்திரை கேட்கும்? மூளை அலையைக் கேளுங்கள்

மூளை அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்க வருகிறவர்களைத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். மூளையின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டித் தலைத்தோலுக்கு வரும்போது மைக்ரோவோல்ட் கணக்கில்தான் மிஞ்சும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் சரியாகப் பதியாது. இந்தச் சன்னமான மின்சாரத்தை மனிதரிடம் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924.

வலிப்பு நோயா இல்லையா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சிகிச்சை பலிக்கும் என்று முன்கூட்டிக் காட்டுவதுதான் இதன் பெரிய உபயோகம்.

வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல எழுதத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. 'கவனமில்லை' என்று திட்டும் வாங்குவார்கள். இ.இ.ஜி. எடுக்கும்போது டெக்னீஷியன் அப்படி ஒரு பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சிழுத்துவிடச் சொல்கிறார். திடீரென்று எல்லா மின்முனைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு கூர்முனை, அடுத்து ஓர் அகன்ற அலை, நொடிக்கு மூன்று வீதம். அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. இதுவும் ஒரு வகை வலிப்புதான். இதற்கு எதோசக்சிமைடு என்ற மருந்து நன்றாகக் கேட்கும். கார்பமசபின் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்தால் நோய் கூடிவிடலாம்! அதே கார்பமசபின், மூளையின் ஓரிடத்தில் மட்டும் கிளம்பும் வலிப்புக்கு நல்ல மருந்து.

எல்லாருக்கும் மருந்து கேட்பதில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்கு மாத்திரையால் வலிப்பு அடங்குவதில்லை. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை உண்டு. வலிப்பு கிளம்பும் இடமாக இ.இ.ஜி. காட்டுவதும் எம்.ஆர்.ஐ.யில் தழும்பு தெரியும் இடமும் ஒன்றாக இருந்தால் வெற்றி வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கிளம்பினால் குறைவு.

கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கங்களைக் கணினியைக் கொண்டு தேடி, மருந்து கேட்குமா என்று கணிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் அதை மட்டும் நம்பி மருந்து எழுதும் காலம் இன்னும் வரவில்லை.

வலிப்பு உள்ளவர்களுக்கும் சில சமயம் பதிவு சரியாகவே இருக்கும். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்ததும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.