புல்லைத் தொடாத முயலுக்கு என்ன கொடுப்பது?

"புல்லப் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிருதுங்க. பிஸ்கட்டுன்னா மட்டும் ஓடியாருது." வெள்ளகோவில் பக்கம் பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு முயலை வாங்கி வந்த வீடுகளில் சில மாதங்களிலேயே இந்தப் பேச்சு வந்துவிடும். முதல் வாரம் கேரட், அடுத்த வாரம் ஆப்பிள், பிறகு பிஸ்கட், பொரி, சப்பாத்தித் துண்டு. கடைசியில் இனிப்பாகவோ மாவாகவோ இருந்தால்தான் முயல் வாயைத் திறக்கும். வீட்டில் இருப்பவர்களும் "இதுக்குப் புல்லு புடிக்காது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பிடிக்கிறதோ இல்லையோ, புல் இல்லாமல் முயல் நெடுநாள் நலமாக இருக்காது. அதன் உடம்பு முழுக்கப் புல்லை நம்பியே அமைந்திருக்கிறது.

பல்லிலிருந்தே தொடங்கலாம். முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளர்கிறது. புல் தின்னும் முயலின் தாடையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், விடாமல் அரைத்துக்கொண்டிருக்கும். அந்த அரைப்பில்தான் கடைவாய்ப் பற்கள் சீராகத் தேய்கின்றன. குச்சித் தீவனத்தையோ தானியத்தையோ தின்னும்போது தாடை மேலும் கீழுமாக நொறுக்கும், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். தேய்மானம் இல்லாத கடைவாய்ப் பல் ஓரத்தில் கூர்முனையாக வளர்ந்து நாக்கையோ கன்னத்தின் உட்புறத்தையோ கிழிக்கும்.

குடலும் அப்படித்தான். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போவது புல்லின் முரட்டு நார். நார் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகி, ஒரு கட்டத்தில் நின்றே போகும். இன்னொரு விஷயம், முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, விரலால் நசுக்கினால் புல்தூளாக உதிர்வது ஒன்று. குருட்டுக்குடலில் நுண்ணுயிரிகள் பக்குவப்படுத்திய, மெத்தென்ற, திராட்சைக்கொத்துப் போல் பளபளக்கும் மற்றொன்று. இந்த இரண்டாவதை முயல் குனிந்து நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். பார்த்து அருவருப்படைய வேண்டாம், வைட்டமினும் புரதமும் அதற்கு அப்படித்தான் கிடைக்கின்றன. அந்தக் கொத்துகள் தரையில் நசுங்கிக் கிடந்தாலோ பின்புற ரோமத்தில் ஒட்டியிருந்தாலோ இனிப்பும் மாவும் மிஞ்சிவிட்டது என்று பொருள். தினமும் காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைக் கவனிப்பவருக்கு முயலின் உடல்நிலையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இவ்வளவு தேவையான புல்லை அது ஏன் ஒதுக்குகிறது? முயல் இயல்பிலேயே பொறுக்கித் தின்னும் பிராணி. எது குறைந்த உழைப்பில் அதிகச் சத்துத் தருகிறதோ அதை முதலில் எடுக்கும். ஐபீரியத் தீபகற்பத்தின் வறண்ட புல்வெளிகளில் தோன்றிய இனம் அது. அங்கே பொறுக்கினாலும் கிடைப்பது புல்லும் இலையும்தான், அதனால் ஆபத்தில்லை. பிஸ்கட் கிடைக்கும் வீட்டில் அதே குணம் முயலுக்கு எதிராகத் திரும்புகிறது. எடின்பரோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் டச்சு இன முயல்களை நான்கு பிரிவாக்கி 17 மாதம் வெவ்வேறு தீனி கொடுத்துப் பார்த்தார்கள். வண்ண வண்ணமாகத் தானியமும் செதில்களும் கலந்த தீவனம் பெற்றவை, பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு மீதியை ஒதுக்கின. பக்கத்திலேயே உலர்புல் இருந்தும் அதைக் குறைவாகத் தின்றன. எடை கூடியது, பல் கோணலானது. நம் கடைகளில் கண்ணாடிப் பையில் தொங்கும் அந்தக் கலவையை வாங்காமல் இருப்பதே நல்லது.

சுவைப் பழக்கம் இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. ஹங்கேரியில் 1990-களில் செய்த ஆய்வில், சினைமுயலுக்கு ஜூனிப்பர் என்ற செடியைக் கொடுத்தபோது, அதன் குட்டிகள் பால்குடி மறந்ததும் அந்தச் செடியையே தேடித் தின்றன. கருவில் இருக்கும்போதும், பாலிலும், தாய் கூட்டில் விட்டுச்செல்லும் புழுக்கையிலுமாக அந்தச் சுவை குட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குச்சித் தீவனமும் முட்டைக்கோஸ் தழையும் மட்டுமே தின்ற தாயின் குட்டிக்கு உலர்புல் தீனி என்றே தெரியாமல் இருக்கலாம். குட்டி வாங்கும்போது "தாய்க்கு என்ன போடறீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் முயல் தீவனம் என்று சொல்லித்தரப்படுவதில் பெரும்பகுதி கறி முயலுக்கானது. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வளர்த்துப் பண்ணையாளர்களுக்குக் கொடுக்கிறது. அந்தப் பண்ணைக் கணக்கில் முயல் மூன்று நான்கு மாதத்தில் இரண்டு கிலோவைத் தொட வேண்டும், அதனால் அடர்தீவனம் தாராளம். வீட்டு முயல் எட்டு, பத்து வருடம் வாழ வேண்டியது. வளர்ந்த வீட்டு முயலுக்குக் குச்சித் தீவனம் கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது. தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவே இருக்கட்டும்.

புல்லுக்கு எங்கே போவது என்று கேட்டால், நம் ஊரைப் போல் வசதியான இடம் குறைவு. இணையத்தில் திமோத்தி என்ற வெளிநாட்டு உலர்புல்லைப் பல நூறு ரூபாய் கொடுத்து வரவழைக்கிறார்கள். வெள்ளகோவில், முத்தூர், மூலனூர், காங்கேயம், தாராபுரம் சுற்றுவட்டாரமோ கொறங்காட்டு நிலம். கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல மரம், படல் வைத்த வாசல், உள்ளே கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடும் செம்மறியும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து திடமானது இந்தப் புல்லில்தான். மழை குறைந்த மண்ணில் வேரைக் காப்பாற்றிக்கொண்டு, ஒரு மழை விழுந்ததும் தழைத்துவிடும். திமோத்தியைப் போலவே இதுவும் புல்லினம். பயறுவகைத் தீவனங்களில் உள்ள அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லை, நார் அதிகம். வளர்ந்த முயலுக்கு வேண்டியது அதுவே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல்லை, கதிர் வெளிவந்து முற்றுவதற்கு முன் அறுக்க வேண்டும். முற்றினால் தண்டு கட்டையாகிவிடும், கதிரின் சுணையும் வாயில் உறுத்தும். பனி உலர்ந்தபின் அறுத்து, ஒரு நாள் வெயிலிலும் பிறகு நிழலிலும் பரப்பிப் புரட்டி விடுங்கள். வெயிலிலேயே கிடந்தால் வெளுத்து மணம் போய்விடும். தண்டை மடக்கினால் சடக்கென்று ஒடிய வேண்டும், நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும், முகர்ந்தால் தேயிலை போன்ற வாசம் வர வேண்டும். சாக்கில் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். தட்டினால் தூசி கிளம்பும் புல்லைக் குப்பையில் போடுங்கள், முயலுக்கு வேண்டாம். கொழுக்கட்டைப்புல்லில் ஆக்சலேட் கொஞ்சம் உண்டு. அதையே மாதக்கணக்கில் தின்னும் குதிரைகளுக்கு எலும்பு பலவீனப்படுவது தெரிந்த விஷயம். ஆகவே அருகம்புல்லையும் பாதிக்குப் பாதி கலந்து போடுவது நல்லது. நெல் வைக்கோலில் சத்தில்லை, படுக்கைக்கு ஆகும். சோளத்தட்டு முற்றிக் காய்ந்திருந்தால் கொஞ்சம் மெல்லத் தரலாம். பூக்காத இளஞ்சோளம், அதுவும் வறட்சியில் வாடியது, மாட்டையே சாய்க்கும் நஞ்சுள்ளது. முயல் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இனி பழக்கத்தை மாற்றும் வேலை. "பசிச்சா தானாத் திங்கும்" என்று பட்டினி போடுவது முயலிடம் நடக்காது. வயிறு காலியானால் குடல் நின்றுவிடும், ஈரலும் பாதிக்கும். பழைய தீனியை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வீதம் குறையுங்கள். பிஸ்கட், பொரி, சப்பாத்தியை மட்டும் முதலில் முழுக்க ஒழிக்கலாம், குச்சித் தீவனத்தைப் படிப்படியாக. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் குறைப்பதை நிறுத்துங்கள்.

உலர்புல்லை நேராகக் காட்டுவதைவிடப் பச்சை அருகம்புல்லில் தொடங்குவது எளிது. பெரும்பாலான முயல்கள் அதை மறுப்பதில்லை. பச்சைப்புல் பழகாத முயலுக்கு முதல் நாள் பத்துத் தாள் போதும், வாரத்தில் கைப்பிடிக்கு ஏற்றலாம். பிறகு அரைவாட்டமான புல், பிறகு காய்ந்த புல். காய்ந்த கத்தைக்குள் இரண்டு கொத்தமல்லித் தண்டைச் செருகி வைத்தால், அதைத் தேடும்போது புல்லும் வாய்க்குள் போகும். நிழலில் காய்ந்த புதினாவை நொறுக்கித் தூவலாம். புல்லை வைக்கும் இடமும் முக்கியம். முயல் புழுக்கை போடும்போதே மெல்லும் பழக்கமுள்ளது, ஆகவே கழிக்கும் மூலைக்குப் பக்கத்திலேயே புல்கத்தையைக் கட்டிவிடுங்கள். இதை மட்டும் செய்ததிலேயே பல முயல்கள் புல்லுக்குத் திரும்பியிருக்கின்றன. காலையில் போட்டதைச் சாயங்காலம் உதறிப் புதுசு சேர்க்க வேண்டும். மிதிபட்ட, சிறுநீர் பட்ட புல்லை முயல் ஒதுக்கினால் அது பிடிவாதம் ஆகாது. அறுத்த பச்சைப்புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும், அன்றன்றைக்குள்ளதே போதும்.

கீரை தினம் ஒரு கைப்பிடி. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, காட்டோரம் முளைக்கும் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை எல்லாம் ஆகும். புதிய கீரை ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுத்து, மறுநாள் புழுக்கையைப் பார்த்தபின் தொடருங்கள். முருங்கை நம் பக்கம் கொல்லைக்குக் கொல்லை இருந்தாலும் வாரம் இரண்டு நாள், ஒரு சிறு கொத்தோடு நிறுத்துங்கள். குதிரைமசாலும் அப்படியே. வளரும் குட்டிக்கு நல்லது, வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்பு மிஞ்சிச் சிறுநீர் சுண்ணாம்புக் கரைசலாகக் கெட்டிப்படும். சவுண்டல் தழை ரோமத்தைக் கொட்ட வைக்கும். அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. மருந்தடித்த தோட்டத்திலிருந்தும் கரூர் சாலையோரத்திலிருந்தும் புல் பறிக்காதீர்கள்.

பங்குனி, சித்திரையில் முயல் தீனியைக் குறைத்தால் வெயிலை நினையுங்கள். முயலுக்கு வியர்க்காது, காதுவழியாகத்தான் சூட்டை இறக்கும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். தகரக் கூரையின் கீழ் இருக்கும் கூண்டில் கொழுக்கட்டைப்புல் என்ன, கேரட்டைக்கூடத் தொடாது. நிழலான, காற்றோட்டமான இடம், மண்சட்டியில் நாம் குடிக்கும் தண்ணீர், விடியலிலும் பொழுது சாய்ந்தபின்னும் தீனி என்று மாற்றினால் பசி திரும்பும். ஆழ்குழாய் உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டு, குடிக்கவில்லையே என்று கேட்பதில் பயனில்லை. தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும்.

கொறங்காட்டுக்குள் புல் அறுக்கும்போது காட்டு முயல் குட்டி கண்ணில் பட்டால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது வேறு இனம், வீட்டுத் தீனியில் பிழைக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். தாய் பகலில் குட்டியை விட்டு விலகி இருப்பதுதான் அதன் வழக்கம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது. நேற்றுவரை நன்றாகத் தின்ற முயல் இன்று திடீரென்று ஒதுக்கினால் அதைச் செல்லம் என்று நினைக்காதீர்கள். ஆசையாக வந்து வாயில் எடுத்துக் கீழே போடுவது, தாடை நனைந்திருப்பது, மெத்தென்றதை மட்டும் தின்பது என்றால் பல்லில் வலி. குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்தால், காது சில்லிட்டால், புழுக்கை சிறுத்தாலோ நின்றாலோ குடல் நின்றுகொண்டிருக்கிறது. வயிறு உப்பியிருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் போன்ற மாத்திரையைக் கரைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள். வாய்வழி பென்சிலின் வகைகள் முயலின் குடல் நுண்ணுயிரிகளைக் கலைத்து உயிரையே எடுத்துவிடும். உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் பக்கத்தில் யார் என்று இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். 12 மணி நேரம் தின்னாத முயலை விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அன்றிரவே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.