அரிட்டாபட்டி – காவலே வழிபாடு

மலையையும் காட்டையும் இறைவன் உறையும் இடங்களாகப் போற்றுவது தமிழர் மரபு. முல்லை நிலத்திற்கு மாயோனையும் குறிஞ்சி நிலத்திற்குச் சேயோனையும் உரிய தெய்வங்களாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அம்மரபு இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் ஊர்களுள் ஒன்று, மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்திலுள்ள அரிட்டாபட்டி.

ஏழு குன்றுகள் சூழ்ந்த இவ்வூரில், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவாலயம் ஒன்று உள்ளது. கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இக்கோயிலில் இறைவன் இலிங்கத் திருமேனியாக எழுந்தருளியுள்ளார். வாயிலின் இருமருங்கும் விநாயகப் பெருமானும் இலகுலீசரும் காட்சி தருகின்றனர். பாசுபத சைவத்தின் ஆசாரியராகப் போற்றப்படும் இலகுலீசரின் திருவுருவம் தமிழகத்தில் காண்டற்கரியது.

சமண முனிவர்கள் உறைந்த குகைத்தளமும் 2,000 ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இங்குள்ளன. பிற்காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனி பாதிரிக்குடியாரின் காவலில் இருப்பதாகக் கூறுகின்றது. ஊராரே காவலர் என்னும் நெறி கல்லிலேயே பொறிக்கப்பட்டமை எண்ணி மகிழத்தக்கது.

குன்றில் பெய்யும் மழை பாறையிடுக்குகளில் தங்கிச் சுனைகளாய்க் கசிந்து, கண்மாய்களை நிரப்பி வயல்களை வளப்படுத்துகின்றது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு முதலியனவும் இங்கு வாழ்கின்றன. இவற்றால் இவ்வூரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலப்பரப்பு, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது.

எனினும், 2024 நவம்பரில் இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. மலை குலைந்தால் சுனை வற்றும். சுனை வற்றினால் உழவும் வழிபாடும் ஒருங்கே நலியும் என்று ஊர் மக்கள் அஞ்சினர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. சட்டமன்றமும் 9.12.2024 அன்று ஏலத்தை இரத்துச் செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 7.1.2025 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தனர். 23.1.2025 அன்று மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது.

அவ்வாண்டு மார்ச்சில், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. தெய்வத்திற்குரியதென்று ஊரார் பேணி வந்த கோயிற்காடு அது.

சுனை வற்றாது காப்பதும், கோயிற்காட்டில் கிளை முறியாது காப்பதும் விளக்கேற்றி வழிபடுவதற்கு ஒப்பான திருப்பணிகளே. தத்தம் ஊர்க் குன்றையும் காட்டையும் அவ்வாறே பேணுதல் அடியார் அனைவர்க்கும் கடனாகும்.